எண்ணெய்ப் போத்தலை எடுக்குமுன்



கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதத்துக்கே இம்மாதப் பக்கம் முழுவதும் போகப்போகிறது. அவரது கணவர் கரைவலை இழுப்பவர். வலை கரைக்குக் கிட்ட வந்து பாரம் கூடிய நேரத்தில், பின்தொடையில் யாரோ கல்லால் எறிந்தது போல இருந்ததாம். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் தொடையின் பின்பக்கம் நாவற்பழ நிறத்தில் கறுத்து, அந்தக் கறுப்பு முழங்கால் வரை இறங்கிவிட்டது.

"நரம்பு பிரண்டிட்டுது, நல்லெண்ணெயைச் சூடாக்கி அழுத்தி உருவிவிடு எண்டு மாமி சொல்லுறா. நாளையிண்டைக்கு வலைக்குப் போகவேணும் எண்டு இவர் சொல்லுறார். நான் ஆருடைய சொல்லைக் கேட்கிறது?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு பேருடைய சொல்லையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம் சகோதரி. ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஊரில் கையோ காலோ நாரியோ எது நொந்தாலும் பழி நரம்பின் மீதுதான். நரம்பு என்பது மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகும் கம்பி போன்றது, அது பிரளுவதில்லை. இங்கே அறுந்தது தசை. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் வன்கூட்டுத் தசை என்று படித்திருப்பார்கள். எலும்போடு பொருந்தி, நாம் நினைத்தபடி அசையும் தசை அதுதான். உடலில் அறுநூறுக்கும் மேற்பட்ட தசைகள் உள்ளன. ஓர் ஆணின் உடல் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு இவைதான். பெண்ணுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொன்றும் நூல் நூலான நார்களின் கட்டு. இரண்டு முனையிலும் தசைநாணாக மாறி எலும்பில் ஒட்டியிருக்கும். நாரும் நாணும் சேருகிற அந்த இடமே பலவீனமான இடம். பெரும்பாலும் அங்கேதான் அறும்.

எப்போது அறும்? தசை தன் முழுப் பலத்தோடு சுருங்க முயலும்போதே, வெளியிலிருந்து ஏதோ ஒன்று அதை நீட்டி இழுத்தால் அறும். கரைவலை இழுப்பவரை நினைத்துப் பாருங்கள். உடலைப் பின்னுக்குச் சாய்த்து, குதிக்காலை மணலில் ஊன்றி இழுக்கிறார். மணல் சறுக்குகிறது, அலை வலையைத் திரும்ப இழுக்கிறது. அந்த ஒரு கணத்தில் பின்தொடைத் தசை இரண்டு பக்கமும் இழுபடுகிறது. துறைமுகத்தில் மூட்டை இறக்குபவருக்கும், தோணியைக் கரைக்குத் தள்ளுபவருக்கும், விளையாட்டுப் போட்டியில் ஓடும் பிள்ளைக்கும் நடப்பது இதுவே.

அறுந்த தசைக்குள் இரத்தம் கசியும். அதுதான் அந்த நாவற்பழ நிறம். அது கீழே இறங்குவது நோய் பரவுவதல்ல. கசிந்த இரத்தம் நிலத்தின் ஈர்ப்பால் வழிந்து இறங்குகிறது, அவ்வளவே. முதல் இரண்டு மூன்று நாள் உடல் அந்த இடத்தைத் துப்புரவு செய்யும். அதன் பிறகு புது நார் முளைக்கும். தசை நாரின் ஓரத்தில் சின்னஞ்சிறு கலங்கள் உறங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை 1961ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் மௌரோ என்ற விஞ்ஞானி தவளையின் தசையில் கண்டார். காயம் பட்டால் அவை விழித்து, பெருகி, புதிய நாராகின்றன. ஆகவே தசை தானாக ஆறக்கூடிய பொருள். நாம் கெடுக்காமல் இருந்தால் போதும்.

எப்படிக் கெடுக்கிறோம்? முதலாவது, அழுத்தி உருவுவதால். அடைபடத் தொடங்கிய இரத்தக் குழாய்கள் மறுபடி திறந்து கசிவு கூடுகிறது. அதிலும் தொடையில் பலமாக அடிபட்டு இரத்தம் கட்டிய இடத்தை நாள்தோறும் கசக்கினால், சில வேளை தசைக்குள்ளேயே எலும்பு போன்ற ஒரு கட்டி வளரும். சில வாரங்களில் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். முழங்காலை மடக்க முடியாமல் மாதக்கணக்கில் தவிப்பவர்கள் உண்டு. சூடு வைப்பதும், மிளகாய் போல எரிகிற தைலம் பூசுவதும் முதல் இரண்டு மூன்று நாளில் வேண்டாம். சித்தாலேபவும் அப்படியே, அது தோலைச் சூடாக்கி நோவை மறக்கச் செய்யும், அறுந்த நாரை ஒட்டாது.

முதல் நாளில் செய்ய வேண்டியது எளிது. வேலையை நிறுத்துங்கள். காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். அகலமான பண்டேஜை, விரல்கள் குளிராமலும் விறைக்காமலும் இருக்கும் அளவுக்கு மட்டும் சுற்றுங்கள். ஐஸுக்கு நம் கரையில் பஞ்சமில்லை. ஆனால் மீன் பெட்டிக்குள் இருந்து எடுத்து நேரே தோலில் வைக்காதீர்கள், தோல் வெந்தது போலாகிவிடும். துணியில் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம், இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அதுவும் முதலாம் இரண்டாம் நாளில் மட்டும். ஐஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978இல் பிரபலமாக்கியவர் அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின். அவரே 2014இல், அதிக ஐஸும் அதிக ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஐஸ் நோவைக் குறைக்கும், அதற்காக மட்டும் வைத்தால் போதும்.

இரண்டாவது கெடுதல், படுக்கையிலேயே கிடத்திவிடுவது. நான்கைந்து நாளுக்கு மேல் அசையாமல் வைத்த தசை மெலிந்துபோகும். ஆறிய தழும்பும் கோணலாக இறுகும். மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் மெல்ல அசைக்கத் தொடங்க வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, குதிக்காலைப் பாயில் அழுத்திப் பிடித்து ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து விடுவது; அதைப் பத்துத் தடவை செய்வது. நோ கூடாவிட்டால் அடுத்த நாட்களில் இடுப்பைச் சற்று உயர்த்துவது. பிறகு வீட்டு முற்றத்தில் நடப்பது. அசைக்கும்போது லேசான இழுப்பு இருக்கலாம். குத்தும் வலி வந்தால் நிறுத்துங்கள்.

மூன்றாவது கெடுதல்தான் மிகப் பெரியது. நோ போனதும் ஆறிவிட்டது என்று நினைத்து வேலைக்கு இறங்குவது. சில நார்கள் மட்டும் அறுந்திருந்தால் ஒன்று முதல் மூன்று வாரம் எடுக்கும். இந்தச் சகோதரியின் கணவருக்கு இருப்பது போல நன்றாகக் கறுத்து, நொண்டி நடந்தால், ஒரு மாதம் தொடக்கம் இரண்டு மாதம் ஆகலாம். முழுவதும் அறுந்தால் மூன்று மாதமும் போதாது, சில வேளை சத்திரசிகிச்சை வேண்டிவரும். பாதி ஆறிய தசை மறுபடி அறுந்தால் முதல் தடவையை விட மோசமாக அறும்.

இதை எழுதுவது சுகம். வலை இழுத்தால்தான் பங்கு. இழுக்காத நாளில் அடுப்பு எரியாது. அது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நாளை மறுநாள் போய் மறுபடி அறுத்துக்கொண்டால் போவது ஒரு மாதமல்ல, ஒரு பருவம். சம்மாட்டியோடு கதைத்து, சில வாரத்துக்கு வலை தைக்கும் வேலையோ மீன் தெரியும் வேலையோ கேட்டுப் பார்க்கலாம். இருந்து செய்யும் வேலைக்கு அரைப் பங்கு கொடுத்தாலும் அது இலாபமே. அவர் திரும்பப் போகலாமா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. வேகமாக நடக்க வேண்டும், குந்தி எழும்ப வேண்டும், நோவாத காலைப் போலவே நொந்த காலிலும் தனித்து நின்று குனிந்து நிமிர வேண்டும். மூன்றும் நோவில்லாமல் முடிந்தால் முதலில் பாரம் குறைந்த நேரத்தில் கை கொடுக்கட்டும்.

எண்ணெயே கூடாதா என்று மாமி கேட்பா. ஒரு வாரம் கழித்து, வீக்கம் வற்றி, உள்ளே கட்டி ஒன்றும் தட்டுப்படாவிட்டால், மெல்லத் தடவலாம். தடவுவதில் ஓர் ஆறுதல் உண்டு, அதை மறுக்கவில்லை. உருவுவது வேறு, தடவுவது வேறு.

இனி, எந்த நேரத்தில் எண்ணெய்ப் போத்தலைத் தொடவே கூடாது என்பதைச் சொல்கிறேன். வீட்டில் உருவிவிடும் கை பெரும்பாலும் பெண்ணின் கை. ஆகவே இதை அறிந்திருக்க வேண்டியவர்களும் நாங்களே.

பிள்ளை பெற்ற வீட்டில் தாய்க்கு ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை நொந்து, சூடாக இருந்தால் அது தசை நோவாக இல்லாமல் இருக்கலாம். காலின் ஆழத்து நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். கர்ப்ப காலத்திலும் பேற்றின் பின் ஆறு வாரமும் இது வரும் ஆபத்துக் கூட. அந்தக் காலை உருவினால் உறைந்த கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுக்கலாம். ஒரு கால் வீக்கத்தை அன்றைக்கே வைத்தியசாலையில் காட்டுங்கள்.

அடுத்தது, கட்டுப் போட்ட கையும் காலும். தசைகள் நீளாத ஓர் உறைக்குள் கட்டுக்கட்டாக அடைபட்டிருக்கின்றன. எலும்பு முறிந்தோ பலமாக நசுங்கியோ உள்ளே வீங்கினால் அந்த உறைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் நின்றுவிடும். மேலே மட்டையும் துணியும் இறுக்கிக் கட்டியிருந்தால் இன்னும் கெதியாக நிற்கும். ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்தில் தசை சாகத் தொடங்கும். ஜேர்மன் வைத்தியர் ரிச்சர்ட் வொன் வொல்க்மான், இறுக்கிய கட்டுக்குப் பின் பிள்ளைகளின் கை நகம் போல மடங்கி நிரந்தரமாக முடமாவதை 1881இல் விவரித்தார். முறிவு, நெரிவு பார்க்கும் நாட்டு வைத்தியர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களில் கைதேர்ந்தவர்கள் உண்டு. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. ஆனால் கட்டு யார் போட்டதாக இருந்தாலும், வைத்தியசாலையில் போட்ட மாக்கட்டாக இருந்தாலும், இதைக் கவனியுங்கள்: காயத்துக்குப் பொருந்தாத அளவு நோ, குளிசைக்கும் அடங்காத நோ, விரலை நாங்கள் மெல்ல நீட்டிவிட்டாலே பிள்ளை கத்துவது, விறைப்பு. இவை கண்டால் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். நாடித் துடிப்பு இருக்கிறதே என்று ஆறுதல் அடையவும் வேண்டாம். நாடி கடைசியாகத்தான் போகும். கட்டைத் தளர்த்தி உடனே கொண்டுபோங்கள். அந்த உறையைக் கீறிவிட்டால் கை பிழைக்கும்.

மூன்றாவது, சிறுநீரின் நிறம். இது நம் கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டியது. 1941இல் இலண்டனில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளுக்குள் மணிக்கணக்காக அகப்பட்டு, உயிரோடு மீட்கப்பட்ட சிலர், சில நாளில் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து கசிந்த பொருளே சிறுநீரகத்தை அடைக்கிறது என்ற வழியில் அதை ஆராய்ந்து எழுதியவர்கள் பைவோட்டர்ஸ், பீல் என்ற இரு வைத்தியர்கள். அடுத்த ஆண்டு, 1942 ஏப்ரல் 9இல் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். இன்று குண்டு இல்லை. ஆனால் சரிந்த சுவருக்கும் கவிழ்ந்த உழவு இயந்திரத்துக்கும் கீழே கால் அகப்பட்டால் நடப்பது அதுவே. பெரும் அளவில் தசை செத்தால் மயோகுளோபின் என்ற செந்நிறப் புரதம் இரத்தத்தில் கலந்து, சிறுநீர் பால் விடாத சாயத் தேநீர் போல, சில வேளை கொக்கோ கோலா போலக் கறுக்கும். கூடவே பொற்றாசியம் ஏறி இதயத்தை நிறுத்தக்கூடும்.

நசுங்காமலே இது நடக்கும் ஒரு வழி கடலில் இருக்கிறது. வலையில் மீனோடு கடற்பாம்பும் வரும். வலக்கடியன் என்று சொல்லப்படும் வகை அதில் பொல்லாதது. மீன் தெரியும்போதும், கரையோர நீரில் இறங்கி நிற்கும்போதும் அது கடிக்கலாம். கடித்த இடம் பெரும்பாலும் நோகாது, வீங்காது. முள் குத்தியது என்று விட்டுவிடுவார்கள். 1950களிலும் 60களிலும் பினாங்கில் மீனவர்களைப் பார்த்த அலிஸ்டர் ரீட் என்ற வைத்தியர், இந்த நஞ்சு மனிதரின் தசையையே தாக்குகிறது என்று காட்டினார். அரை மணித்தியாலத்திலிருந்து சில மணித்தியாலத்துக்குள் உடம்பு முழுவதும் உளைவு, கழுத்தும் தாடையும் இறுகுதல், கையை மற்றவர் அசைத்தாலும் நோ. பிறகு சிறுநீர் கறுக்கும். கடிபட்டவர்களில் பெரும்பாலானோருக்கு நஞ்சு ஏறுவதில்லை என்பதும் அவர் கண்டதே. ஆனால் ஏறியதா இல்லையா என்று வீட்டில் இருந்து பார்க்க முடியாது. அந்த உளைவுக்கு எண்ணெய் போட்டு உருவுவது, ஏற்கனவே சாகும் தசையைக் கசக்குவதாகும். கயிற்றால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், அசையாமல் படுக்கவைத்து 1990க்கு எடுத்து அம்புலன்சை அழையுங்கள். நம் வைத்தியசாலைகளில் உள்ள பாம்பு நஞ்சு முறிப்பு மருந்து நாகம், விரியன் முதலிய தரைப் பாம்புகளுக்கானது, கடற்பாம்புக்குப் பயன்படாது. ஆகவே சேலைனும், சிறுநீர் அளவைக் கவனிப்பதும், தேவைப்பட்டால் இரத்தச் சுத்திகரிப்பும், மூச்சுக்கு உதவியும்தான் காப்பாற்றும். வேளைக்குப் போவதில் எல்லாம் இருக்கிறது. கடலில் கடித்தது என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நான்காவது, காய்ச்சலோடு வரும் உடம்பு உளைவு. 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பட்டபாடு நினைவிருக்கும். அந்த ஆண்டில் நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். டெங்கு நோவை வேலை செய்த உளைவு என்று நினைத்து டிக்லோபெனாக், இபுபுரோபன் போன்ற குளிசை போட்டால் இரத்தப்பெருக்கு வரும் ஆபத்துக் கூடும். காய்ச்சல் இருந்தால் பனடோல் மட்டும், அதுவும் பெரியவருக்கு நாளொன்றுக்கு எட்டுக்கு மேல் இல்லை. வயலில் இறங்குபவருக்குக் காய்ச்சலோடு கெண்டைச் சதை தொடவே முடியாமல் நொந்து கண் சிவந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்துச் சகோதரிகள் இதைக் குறித்து வையுங்கள். அதுவும் சிறுநீரகத்துக்கு ஆகாதது. வயல் தொடங்குமுன் தடுப்புக் குளிசை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

வைத்தியசாலையில் என்ன பார்ப்பார்கள்? முக்கியமாக எப்படிப் பட்டது என்று கேட்டு, தொட்டு, அசைத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலான தசைக் காயத்துக்கு அதுவே போதும். எக்ஸ்ரேயில் தசை தெரியாது. எலும்பு முறியவில்லை என்று உறுதிப்படுத்தவே அது. தசை எவ்வளவு அறுந்தது என்று ஸ்கேனில் பார்க்கலாம். கறுத்த சிறுநீர் என்றால் தசை நொதியமான சி.கே., பொற்றாசியம், சிறுநீரகச் செயல் ஆகியவற்றை இரத்தத்தில் சோதிப்பார்கள். சிறுநீர் கறுத்தது என்று சொல்ல வெட்கப்பட்டு ஆண்கள் மறைப்பதுண்டு, நீங்கள் சொல்லுங்கள்.

கடைசியாக எங்கள் நோவைப் பற்றி. குடத்தோடு வழுக்கியதும், கருவாட்டுக் கூடையைத் தூக்கும்போது நாரி பிடித்ததும் காயம் என்ற கணக்கிலேயே வருவதில்லை. நாரிப்பிடிப்புக்கும் படுக்கை ஆகாது. முடிந்தளவு நடமாடினால் பெரும்பாலும் சில வாரத்தில் தணியும். ஆனால் நாரி நோவோடு கால் விறைத்தாலோ, பலமிழந்தாலோ, சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கொலஸ்திரோலுக்கு ஸ்டட்டின் குளிசை எடுக்கும் ஐம்பது வயது கடந்த சகோதரிகளுக்கு, பாரம் ஒன்றும் தூக்காமலே இரண்டு தொடையும் தோளும் உளைந்தால், குளிசையும் காரணமாக இருக்கலாம். தாங்களாக நிறுத்திவிடாமல், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமலும் போய்க் காட்டுங்கள். குளிசை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.